கோலாருக்குப் போன கதை

“தங்கவயலுக்கா கெளம்பிட்ட? வரும்போது ஒரு கிராமாவது கொண்டாடா. விக்கிற வெலைக்கு மூக்குத்தித் திருகாணிகூட வாங்க முடியல.”

காணும் பொங்கலன்று விடிகாலை நாலரை மணிக்கு அம்மா இப்படித்தான் வழியனுப்பி வைத்தார். சிங்காரப்பேட்டையில் தை மாதக் குளிர் கொஞ்சம் அதிகம். ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருப்பதால் இருட்டோடு சேர்ந்து பனியும் இறங்கும். மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனால், மற்ற மூன்று பேரும் டீக்கடை அடுப்போரமாக ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

பெயர் போட்டால் உதைப்பேன் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள், அதனால் பட்டப்பெயர்தான். வாத்தி, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். ஷிப்ட்டு, ஓசூர் சிப்காட்டில் பதினோரு வருஷமாக மூன்று ஷிப்ட்டும் பார்ப்பவன். மாங்கூழ், சீசனில் மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு அடிப்பவன். தை மாதத்தில் மரமெல்லாம் பூவோடு நிற்கும்போது அவனுக்கு வேலை கிடையாது. நான்காவது ஆள் நான். எனக்கு ரயில் ஜன்னல் கிடைத்தால் போதும், அது எங்கே போகிறது என்பது இரண்டாம் பட்சம்.

“பைக்ல போனா கிருஷ்ணகிரி வழியா வெயில் ஏறுறதுக்குள்ள போய்டலாம்டா. நீ ஏன்டா தலையச் சுத்தி மூக்கத் தொடுற?” என்று மாங்கூழ் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நியாயமான கேள்விதான். எங்கள் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. முன்னே இருந்தது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வெள்ளைக்காரன் குறும்பாதை போட்டான், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று. கட்டுப்படியாகவில்லை என்று பிறகு அதைப் பிடுங்கியும் விட்டார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதுப் பாதை என்ற செய்தியை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பேப்பரில் பார்த்திருக்கிறேன். இன்னும் சர்வே எடுக்கிறார்கள். ஆக, ரயிலேற வேண்டுமானால் சாமல்பட்டிக்கோ திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போகிற வழியைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான் அல்ல, ஷிப்ட்டு. அவனுடைய தாத்தா தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரண் மேல் ஒரு தகரப் பெட்டியில் பித்தளை வில்லை ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே ஓட்டை, நடுவில் தேய்ந்துபோன எண். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் கொடுத்து வாங்கும் டோக்கன் என்று அவனுடைய அப்பா சொல்லியிருக்கிறார். “ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்டா, இதோட” என்றான். இதோட என்றால் என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் தங்கவயல் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். “கோலாருக்குப் போய்ட்டான்” என்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊத்தங்கரைத் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்தும் ஆந்திரப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். ஊரில் காணி நிலம் கிடையாது, கூலி தானியமாக வரும், அதுவும் பண்ணையார் மனசு வைத்தால். கோலாரில் கூலி காசாகக் கையில் வரும். உயிர் போகலாம், ஆனால் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். இப்போது விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நிற்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்: ஓசூர் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஓசூராக இருந்தது கோலார்தான்.

திருப்பத்தூர் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஜோலார்பேட்டை. ஏலகிரி மலை முழுக்கப் பனிக்குள். டிக்கெட் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சினிமா பாப்கார்ன் விலைகூட ஆகவில்லை. மாங்கூழ் அதற்குப் பிறகு பைக் பேச்சை எடுக்கவே இல்லை.

இந்தப் பாதையை நான் பலமுறை எக்ஸ்பிரஸில் கடந்திருக்கிறேன், பாசஞ்சரில் போனதில்லை. எக்ஸ்பிரஸில் போவது புத்தகத்தை அட்டை மட்டும் பார்த்துவிட்டு வைப்பது மாதிரி. ஜோலார்பேட்டை – பங்காரப்பேட்டை சுமார் 75 கிலோமீட்டர். அதற்குள் மூன்று மாநிலம். சோமநாயக்கன்பட்டி, பச்சூர் வரைக்கும் நம்ம ஊர். பிறகு வண்டி மேட்டில் ஏற ஆரம்பிக்கும். குப்பத்தில் ஆந்திரா, குடுபள்ளி, பிசாநத்தம், அப்புறம் காமசமுத்திரத்தில் கர்நாடகா. பெயர்ப் பலகையில் எழுத்து தெலுங்கில் வட்டமாகும், கன்னடத்தில் கொஞ்சம் தலைக்கட்டு மாறும். போனில் “ஆந்திராவுக்கு வரவேற்கிறோம்” என்று மெசேஜ் வந்து, அதைப் படித்து முடிப்பதற்குள் கர்நாடகாக்காரன் வரவேற்றுவிட்டான். வேர்க்கடலை விற்ற அம்மா மட்டும் ஜோலார்பேட்டையில் தமிழிலும் குப்பத்தில் தெலுங்கிலும் காமசமுத்திரத்தில் கன்னடத்திலும் ஒரே மாதிரி அதட்டினார்: சில்லறை கொடு.

1864-ல் போட்ட பாதை இது. பங்காரப்பேட்டைக்கு அப்போது பவுரிங்பேட்டை என்று பெயர், மைசூர் கமிஷனராக இருந்த பவுரிங் துரையின் பெயரில். தங்கவயலுக்கான கிளைப்பாதை 1894-ல் வந்தது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை மொத்தமே 16 கிலோமீட்டர். அதற்கு மேல் தண்டவாளம் போகாது. மாரிக்குப்பத்தில் ரயில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தப் 16 கிலோமீட்டர்தான் நான் பார்த்த ரயில் பாதைகளிலேயே விசித்திரமானது. கோரமண்டல், பெமல் நகர், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம். ஸ்டேஷன் பெயரெல்லாம் சுரங்கத்தின், கம்பெனியின் பெயர். பெமல் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மலைகள் வந்தன. முதலில் மலை என்றுதான் நினைத்தேன். ஆனால் மலைக்கு இப்படி உச்சி தட்டையாக இருக்காது, ஓரம் இஸ்திரி போட்ட மாதிரி மடியாது. சாம்பல் வெள்ளையில், மழை அரித்த வரி வரியாக, புல் பூண்டு அதிகம் முளைக்காத மேடுகள். சயனைட் மேடு. நூற்றிச்சொச்சம் வருஷமாகப் பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு. மூன்று கோடி டன்னுக்கு மேல் என்பது கணக்கு. எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

வாத்திக்குக் கணக்கு வந்துவிட்டால் நிற்காது. “ஆரம்பத்துல ஒரு டன் கல்லுக்கு நாப்பது கிராமுக்கு மேல கிடைச்சுதுடா. கடைசில மூணு கிராம்கூட இல்ல. ஒரு டன் கல்ல ஒடைச்சா ஒரு மோதிரம், அவ்ளோதான்.” 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அப்போது பவுன் விலை நாலாயிரம் ரூபாயைத் தொடவில்லை. தோண்டும் செலவு விற்கும் விலையைவிடப் பல மடங்கு. இன்றைய விலைக்கு அந்தக் கணக்கே வேறு. அந்த மேட்டிலேயே மிச்சத் தங்கம் இருக்கிறது, அதை மறுபடி அலசலாம் என்ற பேச்சு இங்கே எந்நேரமும் உயிரோடு இருக்கிறது.

மாங்கூழுக்கு மட்டும் இதில் அக்கறையில்லை. அவன் வந்தது ‘கேஜிஎஃப்’ படத்து ராக்கி பாய்க்காக. அந்தப் படத்தின் செட்டை இந்தச் சயனைட் மேட்டில்தான் போட்டார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்திருந்தான். சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் முதல் கேள்வியே அதுதான். அவர் வண்டியை ஆஃப் செய்துவிட்டுச் சொன்னார்: “இன்னாப்பா, எல்லாரும் இதயே கேக்கறீங்க. செட்டெல்லாம் அப்பவே பிரிச்சிட்டாங்க. நாங்கதான் இருக்கோம், எங்களப் பாருங்க.”

தங்கவயல் தமிழ் எங்கள் திருப்பத்தூர்த் தமிழுக்குச் சித்தப்பா பிள்ளை. நடுவில் கன்னடச் சொல், தெலுங்குச் சொல், ‘யெஸ்ஸார்’ எல்லாம் வந்து போகும். கர்நாடகத்துக்குள் இருந்துகொண்டு அதிமுகவையும் ரிப்பப்ளிகன் கட்சியையும் மார்க்சிஸ்ட்டுகளையும் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழ் அவர் காலத்துக்குப் பிறகு, 1920களில், இங்கிருந்துதான் மறுபடி வெளிவந்தது. சுரங்கத்தில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு மேலே வந்து பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். படத்தில் சாட்டையடி வாங்கிக்கொண்டு ஹீரோவுக்காகக் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கிற ஒரே கோபம் இதுதான். சண்டைக் காட்சிகள் நன்றாகவே இருந்தன.

ஷாஃப்ட் பக்கம் உள்ளே விட மாட்டார்கள். வேலி, பூட்டிய கேட், ஒரு காவலாளி. வெளியிலிருந்தே அந்த இரும்புக் கோபுரம் தெரியும், உச்சியில் சக்கரம். அந்தச் சக்கரத்தில் ஓடிய கம்பிவடத்தில்தான் ஆட்களை ஏற்றிய கூண்டு இறங்கும். சாம்பியன் ரீஃப் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களின் வரிசையில் இருந்தது. அடியில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் சுடுமாம். மேலிருந்து குளிர்காற்று அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். காற்று அனுப்ப, கூண்டு இறக்க, தண்ணீர் இறைக்க கரண்ட் வேண்டுமே, அதற்காகத்தான் 1902-ல் காவிரியில் சிவனசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்தார்கள். பெங்களூருக்குக் கரண்ட் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-ல். மாரிக்குப்பத்தில் பல்பு எரிந்தபோது பெங்களூரில் லாந்தர்.

வாத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வந்தது நியூட்ரினோவுக்காக. 1965-ல் இதே சாம்பியன் ரீஃபுக்குள், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் கருவி வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் அதே வருஷம் கண்டது. “தேனியில நியூட்ரினோ லேப் வரலாமா வேண்டாமான்னு இத்தன வருஷம் சண்டை போட்டோம். இங்க எங்க தாத்தன் காலத்துலயே முடிச்சுட்டுப் போய்ட்டாங்கடா.” மேலே இருக்கிற பாறை மற்ற துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும், அதற்காகத்தான் அவ்வளவு ஆழம் என்று அவன் விளக்க ஆரம்பித்தபோது மாங்கூழ் ஆட்டுக்குட்டி ஒன்றைப் போட்டோ எடுக்கப் போய்விட்டான்.

ஷிப்ட்டு டோக்கனை எடுத்துக் காவலாளியிடம் காட்டினான். அவர் வயசானவர். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் எண்ணைத் தேய்த்துப் பார்த்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். “இது பித்தளதான்பா, தங்கமில்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவனுடைய தாத்தாவின் தம்பி மனைவி இன்னும் அங்கேயே, லைன் வீட்டில் இருக்கிறார். ஷிப்ட்டுக்குச் சின்ன ஆயா. லைன் என்றால் நெடுக ஒரே கூரையின் கீழ் அறை அறையாகப் பிரித்த வீடுகள். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரே அறை. அதை நடுவில் துணி கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் கோலம் பெரிசு. அடுத்த மூன்று வீட்டு வாசலையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

“யார்றா அது, எங்க மூத்தாரு பேரனா? மூக்கு அப்டியே இருக்குதே!” என்று ஷிப்ட்டின் முகத்தைத் தடவினார். எண்பதைத் தாண்டியிருக்கும். எங்களுக்கும் சேர்த்துக் களி கிண்டி வைத்திருந்தார். அங்கே முத்தே என்கிறார்கள், எங்களுக்குக் களி, எல்லாம் கேழ்வரகுதான். கறிக்குழம்பில் தொட்டு முழுங்க வேண்டும், மென்றால் ஆயா திட்டுகிறார். வாத்தி மென்றான்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் வழியில் வந்தது. சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் சங்கு ஊதும். ஊர் முழுக்க அதுதான் கடிகாரம். ஆனால் பெண்களுக்குச் சங்கைவிட முக்கியம் இன்னொரு சத்தம். அதை ஏர் பிளாஸ்ட் என்கிறார்கள். ஆழத்தில் தோண்டத் தோண்ட, மேலே உள்ள பாறையின் பாரம் தாங்காமல் கீழே பாறை வெடித்துச் சிதறும். மேலே வீட்டில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிரும்.

“அலமாரில இருந்து சொம்பு உழுந்துதுன்னா போதும், அடுப்ப அப்டியே உட்டுட்டு ஓடுவோம். ஷாஃப்ட் வாயில போய் நிப்போம். கூண்டு மேல வரும். கதவத் தொறப்பாங்க. நம்ம ஆளு எறங்குறானான்னு பாப்போம். எறங்குனா அப்பக்கூட எதுவும் பேச மாட்டோம். அவுரு முன்னால நடப்பாரு, நான் பின்னாலயே வருவேன். வந்து அடுப்ப மறுபடி பத்த வெப்பேன்.”

அவருடைய வீட்டுக்காரர் ஏர் பிளாஸ்டில் சாகவில்லை. மேலே வந்த பிறகு, இருமி இருமி, ஐம்பத்தைந்து வயசில் போனார். பாறைத்தூசி நுரையீரலில் படிகிற சிலிகோசிஸ். ஷிப்ட்டின் தாத்தாவும் அதே இருமலோடுதான் சிங்காரப்பேட்டைக்குத் திரும்பி வந்தார். எங்களுக்கெல்லாம் சின்ன வயசில் அது ‘கோலார் இருமல்’.

“இப்பவும் எப்பவாச்சும் கொலுங்கும் கண்ணு. கீழ ஆளே இல்ல, தண்ணிதான் ரொம்பிக் கெடக்குது. ஆனா சொம்பு உழுந்தா எழுந்து வாசலுக்கு வந்துட்றேன். வந்து இன்னா பண்றது?” என்று சிரித்தார்.

பேச்சு வேலைநிறுத்தத்துக்குப் போனது. அவருடைய மாமனார் காலத்துக் கதை. 1930-ல் கம்பெனி எல்லாத் தொழிலாளியும் கைரேகை வைக்க வேண்டும் என்றது. திருட்டைப் பிடிக்கவும், வேண்டாதவனை ஒரு சுரங்கத்திலிருந்து துரத்தினால் இன்னொன்றில் சேராமல் தடுக்கவும். “நாங்க கேடிங்களா?” என்று கேட்டு ஆயிரக்கணக்கான பேர் வாரக்கணக்கில் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. சங்கம்கூட முறையாக இல்லாத காலம் அது.

ஷிப்ட்டு களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே, “நான் தெனம் ரெண்டு தடவ வெக்கிறேன் ஆயா. உள்ள போகும்போது ஒண்ணு, வெளிய வரும்போது ஒண்ணு. வெக்கலன்னா சம்பளம் கட்டு” என்றான்.

“எத?”

“கைரேகையத்தான். மிசின்ல.”

ஆயா அவனுடைய கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார். அதில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

அதற்கு அப்புறம் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி, வெள்ளைக்காரத் துரைமார்களின் பழைய பங்களாக்கள், பெத்தமங்கலம் ஏரிக்குப் போகும் ரோடு எல்லாம் பார்த்தோம். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு அன்றைக்கு மனசு லைன் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்று மட்டும். பெத்தமங்கலம் ஏரியில் நிற்பது பாலாற்றுத் தண்ணீர். நம்ம வாணியம்பாடி, ஆம்பூரில் மணலாகக் கிடக்கிறதே, அதே பாலாறு. சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிதண்ணீர் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கிருந்துதான். கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம் என்று மாங்கூழ் அடம்பிடித்தான். நேரமில்லை என்றோம். இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

ஆயாவின் பேரன் வீட்டில் இல்லை. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒருநாள்தான் லீவு, காணும் பொங்கலெல்லாம் கணக்கில்லை. பெங்களூரில் ஒரு குடோனில் வேலை. போனில் பிடித்தோம். “நீங்க பங்காரப்பேட்டையில இருங்க அண்ணா. சாயந்தரம் என் வண்டி அங்க ரெண்டு நிமிசம் நிக்கும். கடைசிக்கு முன்பெட்டி, ஜன்னலோரம்” என்றான். ஷிப்ட்டும் அவனும் நேரில் பார்த்ததே கிடையாது.

மாலையில் பங்காரப்பேட்டை வந்தோம். ஊரின் பெருமை பானி பூரி. வேறெங்கும் அந்தத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கிறது. ஏமாந்து வாயில் ஊற்றினால் காரம் காதுவழியாக வரும். மாங்கூழ் மூன்று தட்டு. காசு கொடுக்கும்போது ஷிப்ட்டு சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறையோடு டோக்கனையும் சேர்த்து நீட்டிவிட்டான். கடைக்காரர் எண்ணிப் பார்த்து அதை மட்டும் பிரித்து மேசையில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பெங்களூர் வண்டி வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் பண்டிகைக் காலத்து எழும்பூரில்தான் பார்த்திருக்கிறேன். படியில் தொங்குகிறவர்கள், பெட்டி நடுவில் பேப்பர் விரித்துச் சீட்டாடுகிறவர்கள், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிகிற பெண்கள். தங்கவயலில் இருந்து தினமும் ஆயிரக்கணக்கான பேர் விடியும் முன்னால் கிளம்பி பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறார்கள். சுரங்கத்துக்கு நிலக்கரியும் இயந்திரமும் இறக்கப் போட்ட தண்டவாளம், இப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஏற்றிக்கொண்டு வருகிறது.

கடைசிக்கு முன்பெட்டி. ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை ஆடியது. இருபத்திரண்டு வயசிருக்கும். அதே மூக்கு. ஷிப்ட்டு ஓடிப்போய்க் கம்பிக்குள் கைவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. “சாப்டியா?” என்றான் இவன். “நீங்க சாப்டீங்களாண்ணா? ஆயா முத்தே பண்ணுச்சா?” என்றான் அவன். பிறகு சொன்னான்: “நாலரைக்கு எழுந்துக்கறேன். திரும்பும்போது இருட்டு. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எங்க ஊர வெளிச்சத்துல பாக்கறேன்.” சொல்லிவிட்டு, “ஓசூர்ல உங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்களாண்ணா?” என்று கேட்டான். வண்டி நகர்ந்தது. ஷிப்ட்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். என்ன பதில் சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் எதிர்ப் பிளாட்பாரத்தில் எங்கள் ஜோலார்பேட்டை வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. பானி பூரி மூன்றாவது தட்டைச் சொல்லலாம்.

அடுத்து வந்த எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டி. கழிவறை வாசலில் நாலு பேரும் ஒற்றைக்காலில். குப்பத்தில் ஆந்திரா மறுபடி வரவேற்றது. ஷிப்ட்டு வழி நெடுகப் பேசவில்லை. சோமநாயக்கன்பட்டி தாண்டியதும், “எங்க லைன்ல போன வருசம் ரெண்டு ரோபோ வெச்சாங்கடா. ஆறு பேர வேற டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்தினாங்க” என்றான். வாத்தி, “ஓசூர்ல ஒரு கம்பெனி போனா இன்னொண்ணு வரும்டா. இங்க இருந்தது ஒரே கம்பெனி” என்றான். சரியான வாதம்தான். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருப்பத்தூரில் சிங்காரப்பேட்டைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. இங்கேதான் மாங்கூழின் பெருமையைச் சொல்ல வேண்டும். இரண்டு போன். கோலார் மண்டியிலிருந்து திருவண்ணாமலைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் ஒரு பிக்கப் வண்டியை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நிறுத்திவிட்டான். முன்னால் இரண்டு பேர், பின்னால் தக்காளிக் கிரேட் மேல் இரண்டு பேர். நானும் ஷிப்ட்டும் பின்னால். ஜவ்வாது மலைக் காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டே வந்தது. சிங்காரப்பேட்டைக் கணவாய் என்று பழைய ராணுவ வரைபடங்களில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. 1767-ல் ஹைதர் அலி கும்பினிக்காரர்களோடு செங்கத்தில் மோதினார். அவருடைய குதிரைப்படை இதைவிட வசதியாகத்தான் போயிருக்கும்.

ஷிப்ட்டு சிங்காரப்பேட்டையில் இறங்கியும் வீட்டுக்குப் போகவில்லை. அவனுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். வாத்தியிடம் பையைக் கொடுத்து வீட்டில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு, திருவண்ணாமலையிலிருந்து வந்த பெங்களூர் பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிவிட்டான்.

நாங்கள் இறங்கும்போது பிக்கப் டிரைவர் ஆளுக்கு ஒரு கேரி பையில் தக்காளி கட்டிக் கொடுத்திருந்தார். நசுங்கினது போக இரண்டு கிலோ தேறும். கதவைத் திறந்த அம்மா தூக்கக் கலக்கத்தில் பையை வாங்கி, விளக்கைப் போட்டு, உள்ளே பார்த்தார்.

“தங்கம் கேட்டா தக்காளி கொண்டாந்திருக்கான் பாரு” என்றவர், இரண்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. கிலோ எவ்வளவு சொன்னான்?” என்றார்.